நான் கலக்காமல் வைத்த வாக்குத்தத்த அட்டைகள்

என் மகளுக்கு, அப்பா எழுதுவது.

‘கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு’ என்றுதான் நீ விடுதிக்குப் போன நாளிலிருந்து எல்லாக் கடிதங்களையும் ஆரம்பித்திருக்கிறேன். இன்றைக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. அவரை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்ட ஒரு காரியத்தைத்தான் இதில் சொல்லப்போகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குள் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் கோயிலில் ஒரு புத்தாண்டு அன்று, ஆளுக்கொரு வேத வசனம் தட்டிலிருந்து எடுத்தபோது உனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையைப் பற்றி, பல்கலைக்கழகத்தில் உன் ஜெபக்குழுப் பிள்ளைகளிடம் சாட்சி சொல்கிறாயே, இருந்த இடத்திலேயே இரு என்று கடவுள் அன்று உன்னோடு பேசினார் என்று, அந்த அட்டை உன் கைக்கு வரும்படி வைத்தவன் நான்தான். கடவுள் பேசினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அட்டையை வைத்தது நான். இதை வாசித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார், முழுவதையும் படி.

நீ ஒருநாள்கூட எங்கள் அச்சுக் கம்பெனிக்குள் வந்ததில்லை. சிவகாசிக்கு என்னோடு பஸ்ஸில் வந்தாலும் கடைவீதியோடு திரும்பிவிடுவாய். அதனால் கட்டிங் மிஷின் வேலை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. வாக்குத்தத்த அட்டைகளை ஒவ்வொன்றாக அச்சடிப்பதில்லை. ஒரே பெரிய தாளில் நாற்பது கட்டம். கட்டத்துக்கு ஒரு வசனம், ஒரு ரோஜாப்பூ. அப்படிப்பட்ட தாள்களை ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, ஓரம் தட்டி, கத்திக்குக் கீழே கொடுத்து நான் வெட்டுவேன். வெட்டி முடித்தால் நாற்பது கட்டு வரும். ஒவ்வொரு கட்டிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே வசனம்தான் இருக்கும். அதை அப்படியே பெட்டியில் போட்டால் ஒரு சபைக்கு முழுவதும் ஒரே வாக்குத்தத்தம் போய்விடும். அதனால் பைண்டிங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கட்டுக்கு ஒன்றாக எடுத்துக் கலந்துதான் பெட்டி கட்டுவார்கள். முருகன், லட்சுமி, மாதா, மெக்கா என்று எல்லாக் காலண்டரையும் வெட்டிய அதே கத்திதான் இதையும் வெட்டும். டிசம்பரில் ஆர்டர் முடிந்ததும், மிஞ்சிய அட்டைகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி நம் கோயிலுக்குக் கொண்டுவருவேன். அது வருஷா வருஷம் என் பொறுப்பு. தட்டில் பரப்பி வைப்பதும் நான்தான், பெண்கள் பக்கம் தட்டைக் கொண்டுபோவதும் நான்தான். சபையில் எனக்கென்று இருந்த ஒரே பதவி அது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நீ விருதுநகரில் பி.எஸ்சி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த கிறிஸ்துமஸ் லீவு அது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே ஆறு பேர் கூடி ஜெபிக்கிறோம் என்று சொல்வாய். அந்த ஆறு பேரில் யாரோ ஒரு பெண்ணின் அக்கா ஹைதராபாத்தில் படிக்கிறாள் என்று ஆரம்பித்தது. அங்கேயே எம்.எஸ்சி. வேதியியல், நுழைவுத் தேர்வு, விண்ணப்பம் வாங்கியாகிவிட்டது என்று மளமளவென்று சொன்னாய். உன் அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டு அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள். பட்டாசு மருந்து ஒட்டி விரல் நகமெல்லாம் வெள்ளி நிறம். முகம் கழுவாமலேயே, “போகட்டுமே. நானு மருந்து அடைக்கிறேன், அவ மருந்துல என்ன இருக்குன்னு படிக்கட்டும்” என்றாள். நான் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

எனக்கு என்ன பயம் என்று அப்போது கேட்டிருந்தால், உன் விசுவாசத்தைப் பற்றிய பயம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவ்வளவு பெரிய இடத்தில், பேசத் தெரியாத பாஷையில், நாலு வகையான ஜனங்களுக்கு நடுவில் பிள்ளை கோயிலை மறந்துவிடும் என்று நம் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம்கூடச் சொன்னேன். அது பாதிப் பொய். நீ இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் என்பதுதான் என் பயம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் நீ கேட்கும் முதல் கேள்வி, “இன்னைக்கு என்னப்பா வெட்டுனீக?” என்பது. கல்யாணப் பத்திரிகை, பேண்டேஜ் டப்பா, பத்தாங்கிளாஸ் வினா வங்கி என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். வெட்டுகிற தாளையெல்லாம் வாசித்து வாசித்துத்தான் தமிழ் கற்றேன். அதை உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் இருந்தது. அந்த ஆள் ரயில் ஏறிப் போய்விடும் என்பதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நீயாவது சும்மா இருந்திருக்கலாம். அப்பா முகம் சரியில்லை என்று பார்த்துவிட்டு, “நீங்க வருத்தப்படாதீகப்பா. புத்தாண்டுக்கு வாக்குத்தத்தம் எடுக்கும்போது என்ன வருதோ அதும்படி செய்றேன். போன்னு வந்தா போறேன், இருன்னு வந்தா இருக்கேன்” என்றாய். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என் மனசுக்குள் கட்டிங் மிஷின் ஓட ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில்தான். மறுநாள் கம்பெனிக்குப் போனேன். பைண்டிங் மேஜையில் கலக்கப்படாமல் கிடந்த கட்டுகளைப் புரட்டினேன். நின்ற இடத்தை விட்டு அசையாமல் காத்திரு என்ற பொருளில் ஒரு வசனம் இருந்தது. அந்தக் கட்டிலிருந்து கொஞ்சம் உருவி, சாப்பாட்டுத் தூக்கின் மேல்தட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஊறுகாய் வாசனை ஒட்டிவிடுமோ என்பதுதான் அன்றைக்கு என் கவலை, பாவம் ஒட்டுமே என்பது அல்ல.

அந்தப் புத்தாண்டுக் காலையை மறந்திருக்க மாட்டாய், பாதிரியாரான ஐயர் பெரிய கோயில் ஆராதனைக்குப் போய்விட்டதால் நமக்கு நடத்தியது உபதேசியார்தான். காலை வெயில் சன்னல் வழியாகப் பெண்கள் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பிய தட்டில் ஒரு பாதி கலந்தவை, மறுபாதி நான் கொண்டுவந்தவை. குமரிப் பிள்ளைகளின் வரிசை வந்ததும் தட்டைத் திருப்பிப் பிடித்தேன். உன் ஒருத்திக்காகத்தான் வைத்தேன். ஆனால் அந்த வரிசையில் ஏழு பேர் இருப்பீர்கள் என்பதை யோசிக்காமல் போனேன். உன் சிநேகிதி எஸ்தர் வேறு, “எனக்கு, எனக்கு” என்று முந்திக்கொண்டு எடுத்தாள். பதற்றத்தில் தட்டைத் திருப்ப மறந்து, அடுத்த வரிசைக்கும் அதே பக்கத்தையே நீட்டிவிட்டேன். அதன் பிறகு உபதேசியார் ஒவ்வொருவரையாக எழுந்து வாசிக்கச் சொன்னார். முதல் பெண் வாசித்தாள். இரண்டாவது பெண்ணுக்கும் அதுவே. மூன்றாவதாக எஸ்தர் வாசித்தபோது ஆண்கள் பக்கத்தில் சலசலப்பு. நீ வாசித்து முடித்தபோது சபையே “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. மொத்தம் பதினோரு பேருக்கு ஒரே வசனம். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “கர்த்தர் இன்னைக்கு நம்ம சபையோட நேருக்கு நேரா பேசுறாரு” என்றார். நான் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தூண் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். உன் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டே சிரித்தாய். அந்த முகத்துக்கு முன்னால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

அதன் பிறகு அந்த வருஷம் முழுவதும் ஊரில் நடந்த கூத்து உனக்குத் தெரியும், அதற்கு நான்தான் காரணம் என்பது மட்டும் தெரியாது. உபதேசியார் இரண்டு மாதம் வாரா வாரம் அந்த வசனத்தையே பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். மதுரைக்கு வீடு மாற்ற இருந்த குடும்பம் மாற்றவில்லை. ஒரு பெண் மாப்பிள்ளை வீட்டாரைத் தை மாதம் வராதீர்கள் என்று நிறுத்திவிட்டாள். இதெல்லாம் போகட்டும், சிரித்துவிட்டு விடலாம். எஸ்தர் விஷயம் அப்படியல்ல. பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வேறு எங்காவது போகலாம் என்று இருந்தவள், இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டாரே என்று வெடிமருந்து அறை வேலையிலேயே தங்கிவிட்டாள். அந்தப் பக்கம் எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் நான் மிஷினை நிறுத்திவிடுவேன். எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி என்று ரோட்டில் போகிறவனையெல்லாம் கேட்பேன். ஏப்ரல் வரைக்கும்தான் தாங்க முடிந்தது. முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, அவளை எங்கள் பைண்டிங்குக்குக் கொண்டுவந்துவிட்டேன். “கர்த்தர் இருக்கச் சொன்னாரே சித்தப்பா” என்று தயங்கினாள். “நீ போதுமானவரை இருந்துட்ட தாயி, வா” என்றேன். அவள் இன்றைக்கு அங்கே மேஜைக்குப் பொறுப்பாள். அட்டைகளைக் கலப்பது அவள் வேலைதான்.

நீ ஒரு வருஷம் வீட்டில் இருந்தாய். குறை சொல்லாமல் இருந்தாய், அதுதான் என்னைக் கொன்றது. கோயில் கட்டடத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தாய். ஆடி மாதம் உன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது, விருதுநகர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாளும் நீதான் பக்கத்தில் இருந்தாய். நான் இருந்து என்ன பயன்? கஞ்சியைக்கூட ஆற்றத் தெரியாமல் சூடாகக் கொடுத்துத் திட்டு வாங்கியவன். “பாத்தீகளாப்பா, இதுக்குத்தான் ஆண்டவர் இருன்னு சொல்லியிருக்காரு” என்று நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னாய். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உன் முகத்தைப் பார்க்க முடியாமல் தூக்கைக் கழுவப் போய்விட்டேன். அடுத்த புத்தாண்டுக்கு எஸ்தரிடம் அட்டைகளை நன்றாகக் கலக்கச் சொல்லி, தட்டையும் அவளையே கொண்டுபோகச் சொன்னேன். உனக்கு எது வந்தாலும் ஹைதராபாத்துக்குப் போ என்று சொல்லிவிடுவதாக முந்தின வாரமே முடிவு செய்திருந்தேன். நல்லவேளை, பயப்படாமல் புறப்படச் சொல்கிற ஒன்றே வந்தது. அதில் சத்தியமாக என் கை இல்லை.

நீ போன பிறகு வந்த கடிதங்களை எல்லாம் காலண்டர் அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். விடுதியில் ரொட்டி கட்டியாக இருக்கிறது, தெலுங்கில் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொண்டேன், பக்கத்து அறை ஒடியாப் பெண் எனக்காக அரிசிச் சோறு வாங்கி வைக்கிறாள், என் நண்பர்களில் சாமி இல்லை என்பவர்களும் உண்டு, அவர்கள் நல்லவர்களாக இருப்பதுதான் எனக்குக் குழப்பம் என்றெல்லாம் எழுதினாய். இரண்டாம் வருஷம் ஒரு கடிதம் வந்தது. ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வெறும் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது அப்பா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் லேபுக்குப் போய்விடுகிறேன், அந்த ஒரு அட்டையை நினைத்துத்தான் நிற்கிறேன், அன்றைக்குப் பேசியவர் மறுபடி பேசாமலா போய்விடுவார் என்று எழுதியிருந்தாய். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் வாசித்தேன். திரும்பி வந்து கத்திக்குக் கீழே தாளை வைத்தேன், என் கையையும் சேர்த்து வைத்துவிட்டேன். மிஷினில் இரண்டு பொத்தானையும் இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்தினால்தான் கத்தி இறங்கும், அதனால் தப்பித்தேன். முதலாளி அன்றைக்கு என்னை மிஷின் பக்கம் விடவில்லை. உனக்குப் பதில் எழுதினேன். உண்மையை எழுதவில்லை. ‘பொறுமையாக இரு’ என்று எழுதினேன். மறுபடியும் அதே அட்டையையே உனக்கு அனுப்பிவிட்டேன் என்று தபால்பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது.

சுவர் எப்படி விலகியது என்று நீ பிறகு எழுதியதும் என்னிடம் இருக்கிறது. அந்த ஒடியாப் பெண்ணுக்கு மஞ்சள்காமாலை வந்து, அவளைப் பார்த்துக்கொண்ட இரண்டு வாரத்தில், ஜெபிக்க வேண்டும் என்று நினைக்காமலேயே ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினாய். இதை நன்றாக யோசித்துப் பார். அங்கே அட்டை இல்லை, தட்டு இல்லை, அப்பா இல்லை. அது உனக்கே உனக்கென்று வந்தது. ஆனால் அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்ட இப்போதும், சாட்சி சொல்லும்போது அதை விட்டுவிடுகிறாய், அட்டையைச் சொல்கிறாய். போன மாதம் நாங்கள் அங்கே வந்தபோது வகுப்பறையில் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நீ இங்கிலீஷில் பேசினாய். பக்கத்தில் இருந்த நாகர்கோவில் பெண் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. நீ புத்தகத்துக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினாய். என் வெட்டு எனக்குத் தெரியாதா? முன் வரிசையில் ஒரு பெண் அழுதாள். அவள் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போவதா, இருப்பதா என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தவளாம். எஸ்தரை நினைத்துக்கொண்டேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தத் தட்டு என் கையை விட்டுப் போகவே போகாது என்று தெரிந்தது.

ரயிலில் திரும்பும்போது உன் அம்மாவிடம் சொன்னேன். “ஏங்க, நீங்களா செஞ்சீக?” என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, “இத வயித்துல வச்சிக்கிட்டு அம்புட்டு வருசமா எப்படிங்க சோறு தின்னீக?” என்றாள். பதினோரு பேர் எழுந்து வாசித்தது ஞாபகம் வந்து திடீரென்று சிரித்தாள், எதிர் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு மதுரை வரும்வரை சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். இறங்குகிற நேரத்தில், “பிள்ளைகிட்ட சொல்லாம அவ கையப் பிடிச்சு பீடத்துக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது, சொல்லிட்டேன்” என்றாள். உபதேசியாருக்கு இப்போது வயதாகிவிட்டது. அவரிடமும் போய்ச் சொன்னேன். “அண்ணாச்சி, நான் அதுலயே ஒன்பது பிரசங்கம் பண்ணுனேனே!” என்றார். அவர் அதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் வீட்டுக்கு வந்தபோது மழுப்பாமல், “உங்க சாம்பார்ல உப்பு கூட” என்று உன் அம்மாவிடமே சொன்ன தைரியசாலி. நீங்கள் இருவரும் படித்தவர்கள், உங்களுக்குக் குடும்பம் நடத்த நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல். போகாதே, நீ போனால் எனக்குத் தாங்காது என்று தோன்றினால் அதையே சொல். அதற்குக் கடவுளைக் கூப்பிட்டுச் சொல்ல வைக்காதே. ‘நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கும் தாயி’ என்று அன்றைக்கே நான் சொல்லியிருந்தால், நீ அழுதிருப்பாய், நானும் அழுதிருப்பேன், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பத்தை நிரப்பியிருப்போம். உன் அம்மாவின் ஆபரேஷனுக்கு நீ லீவு போட்டாவது வந்திருப்பாய். அந்த வருஷம் நல்ல வருஷம்தான், மறுக்கவில்லை. அதில் எனக்குக் கிடைத்த சந்தோஷமெல்லாம் உன்னிடமிருந்து நான் கேட்காமல் எடுத்துக்கொண்டது. என்னை மன்னித்துக்கொள். என் மேல் கோபம் வந்தால் கோபப்படு. கர்த்தர் மேல் மட்டும் கோபப்படாதே, அவர் அன்றைக்குத் தட்டுப் பக்கம்கூட வரவில்லை.

நீ எல்லாருக்கும் முன்னால் சொன்ன சாட்சியை, காதோடு காதாகத் திருத்திவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்த அழுத பெண்ணும் கேட்டிருக்கிறாளே. அதனால் இந்தக் கடிதம் உனக்கு மட்டும் அல்ல, அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் இதை நீ வாசித்துக் காட்ட வேண்டாம், என் தப்பை உன் வாயால் சொல்ல வேண்டாம். கம்பெனியில் நாலு நாள் லீவு சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். ஞாயிறு சாயங்காலம் உங்கள் கூட்டத்தில் நானே எழுந்து நின்று தமிழில் சொல்கிறேன், அந்த நாகர்கோவில் பெண்ணை மாற்றிச் சொல்லச் சொல். போன தடவை நான் உள்ளே நுழைந்ததுமே ஓடிவந்து கையைப் பிடித்து, “இவுகதான் எங்க அப்பா” என்று எல்லாரிடமும் காட்டினாய். இந்தத் தடவை அப்படிச் செய்யாதே. என்னை ஒரு ஓரமாக உட்கார வை. நான் பேசி முடிக்கிறேன். அதன் பிறகும் உனக்கு மனம் இருந்தால், நான் யார் என்று அவர்களிடம் மறுபடி நீ சொல்.